வலைக்கண்ணில் நழுவும் கடல்

கடல் உயிர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் “இந்த ஆழத்தில் உயிர்கள் காணப்படவில்லை” என்ற வரி வந்தால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் நான் ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்துவிடுவேன். எந்த வலையை இறக்கினார்கள், அதன் கண் எத்தனை மைக்ரான், பகலா இரவா, எவ்வளவு வேகத்தில் இழுத்தார்கள், மேலே வரும் வழியில் வலையின் வாய் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்பவை தெரியாமல் அந்த வரிக்கு எந்தப் பொருளும் கொள்ள முடியாது. நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரியும் மிதவை உயிரிகளை (பிளாங்டன்) நுண்ணோக்கியின் அடியில் வைத்து எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் தானாகவே வந்துவிடும். கடல் உயிரியலின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தாலோ, இந்தச் சந்தேகம் எழாத காலங்களில்தான் மிகப் பெரிய தவறான முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிகிறது. கடலில் இல்லை என்று நம்பப்பட்டவற்றுள் பல, அப்போது கையில் இருந்த கருவிக்குள் அகப்படாமல் போனவை. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று, உலகெங்கும் ஒவ்வொரு நாளும் அந்தியிலும் விடியலிலும் கடல் விலங்குகள் மேலேறி இறங்கும் ஓர் இடப்பெயர்ச்சி. அதற்கு வருவதற்கு முன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் 1841, 1842 ஆண்டுகளில் ஏஜியன் கடலில் கடல் அளவைக்குச் சென்ற கப்பல் ஒன்றில் இடம்பெற்று, கடலடியை வாரு வலையால் வாரிப் பார்த்தார். ஆழம் கூடக்கூட, கிடைத்த உயிர்களின் வகையும் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தன. அந்தப் போக்கை அப்படியே கீழ்நோக்கி நீட்டி, சுமார் 300 பாகத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே, உயிர் இராது என்ற கருத்தை 1843-இல் முன்வைத்தார். அவர் கவனமானவர், ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனியே கணக்கு வைத்தவர். ஆனால் ஏஜியன் கடல் இயல்பாகவே உயிர்வளம் குன்றியது என்பதும், அவருடைய வாரு வலை அடிச்சேற்றால் எளிதில் அடைத்துக்கொள்ளக் கூடியது என்பதும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. இத்தனைக்கும் 1818-லேயே ஜான் ராஸ் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்க இறக்கிய கயிற்றில் சிக்கி, பல கிளைகளாகப் பிரிந்த கைகளையுடைய உடுமீன் இனம் ஒன்று மேலே வந்திருந்தது. 1860-இல் மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதியிலிருந்து பழுதுபார்க்கத் தூக்கிய தந்திக் கம்பியின் மீது பவளங்களும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன. கம்பி அங்கேயே கிடந்தது என்பதால், மேலே வரும் வழியில் அவை தொற்றிக்கொண்டன என்று வாதிட இடமில்லாமல் போயிற்று.

1872 டிசம்பரில் புறப்பட்டு 1876 மே மாதம் திரும்பிய சாலஞ்சர் கப்பலின் பயணம் இந்த வாதத்தை முடித்துவைத்தது. சார்ல்ஸ் வைவில் தாம்சன் தலைமையிலான அந்தக் குழு ஏறத்தாழ 1,27,000 கிலோமீட்டர் பயணம் செய்து, அறிவியலுக்குப் புதியவையான 4,700 இனங்களை அறியச் செய்தது. அதன் அறிக்கை 50 தொகுதிகளாக வெளிவந்தது. ஆழ்கடலின் தரையில் உயிர்கள் உண்டு என்பது அதோடு உறுதியாயிற்று. ஆனால் நடுநீர்? மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையிலான அந்த மாபெரும் நீர்த்திரளில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அந்தப் பயணத்தால் தெளிவான விடை தர முடியவில்லை. இறக்கும்போதும் ஏற்றும்போதும் வாய் திறந்தே இருக்கும் வலையில் ஒரு விலங்கு அகப்பட்டால், அது 2,000 மீட்டரில் சிக்கியதா, கடைசி 50 மீட்டரில் சிக்கியதா என்று யாராலும் சொல்ல இயலாது. இதைக் காரணம் காட்டி, அமெரிக்க விலங்கியலாளர் அலெக்ஸாண்டர் அகாசி நடுநீர் ஏறக்குறைய வெறுமையானது என்று வாதிட்டார். வேண்டிய ஆழத்தில் வாயை மூடிக்கொள்ளும் வலைகளோடு 1898-99-இல் வால்டிவியா கப்பலில் சென்ற ஜெர்மானியர் கார்ல் கூன், எல்லா அடுக்கிலும் உயிர்கள் வாழ்வதைக் காட்டினார். வலையின் வாயில் ஒரு மூடியைப் பொருத்தியதால் கடலின் நடுப்பகுதி முழுவதும் மீண்டும் உயிர்பெற்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, அந்த இடப்பெயர்ச்சி. இரவில் இழுக்கும் வலையில் பகலைவிடக் கூடுதலான உயிர்கள் கிடைக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பல்காரர்களுக்கும் இயற்கையியலாளர்களுக்கும் தெரிந்த செய்திதான். பகலில் விலங்குகள் வலையைப் பார்த்து விலகிவிடுகின்றன என்று சிலரும், அவை ஆழத்துக்குப் போய்விடுகின்றன என்று சிலரும் விளக்கம் தந்தார்கள். அதன் உண்மையான அளவு வெளிப்பட்டது உயிரியலோடு தொடர்பே இல்லாத ஒரு வேலையின்போது. 1942-இல், அமெரிக்காவின் சான் டியேகோ கடற்பரப்பில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக நீரில் ஒலி எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் என்ற மூன்று இயற்பியலாளர்களுக்கு ஓர் எதிர்பாராத எதிரொலி கிடைத்தது. கடலடி அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் இருக்க, சுமார் 300 மீட்டர் ஆழத்தில் ஏதோ ஓர் அடுக்கு ஒலியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அது தடித்த, பரந்த அடுக்கு. கப்பல் நகர்ந்தபோதும் தொடர்ந்து வந்தது.

வெப்பநிலையோ உப்பின் அளவோ திடீரென்று மாறும் எல்லையாக அது இருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் உயிரியலாளர் மார்ட்டின் ஜான்சன் வேறுவிதமாகச் சிந்தித்தார். அவை விலங்குகளாக இருந்தால், மிதவை உயிரிகளைப் போலவே மாலையில் மேலேறி விடியலில் இறங்க வேண்டும். நீரின் இயற்பியல் எல்லையாக இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். 1945-இல் கப்பலை நிறுத்தி, பகலும் இரவும் தொடர்ந்து எதிரொலியைப் பதிவு செய்தபோது, சூரியன் சாயச் சாய அந்த அடுக்கு மேலெழுந்து வந்தது. காலையில் மீண்டும் இறங்கிற்று. ஒரே ஒரு கேள்வியால் இரண்டு விளக்கங்களையும் பிரித்துவிடக் கூடிய சோதனைகள் அறிவியலில் அரிது. இதை அவற்றுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். போர்க்கால இரகசியம் நீங்கிய பிறகு, இந்த ‘ஆழ்சிதறல் அடுக்கு’ உலகப் பெருங்கடல்களில் பெரும்பாலான இடங்களில் இருப்பது தெரியவந்தது. ஒலியால் ஆழம் அளந்த கப்பல்கள் சில, இல்லாத மேடுகளைக் கடல் வரைபடங்களில் குறித்து வைத்ததற்கும் இந்த அடுக்கே காரணமாக இருந்திருக்கிறது. கடலடி என்று அவர்கள் எடுத்துக்கொண்டது, உயிருள்ள விலங்குகளின் கூட்டம்.

ஆய்வுக்கப்பலின் எதிரொலிமானித் திரையில் இந்த ஏற்றத்தைப் பார்ப்பது எனக்கு அலுத்ததே இல்லை. பிற்பகல் முழுவதும் 400 மீட்டரை ஒட்டி அசையாமல் கிடக்கும் வண்ணப்பட்டை, வெளிச்சம் குறையத் தொடங்கியதும் மேல்விளிம்பில் நூல்நூலாகப் பிரியும். பிறகு அந்த நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்த கோடுகளாக மேலேறி, இருட்டு முழுமையடைவதற்குள் மேற்பரப்பை ஒட்டிய அடுக்கோடு கலந்துவிடும். எல்லாம் ஏறுவதும் இல்லை. ஒரு பகுதி கீழேயே தங்கிவிடும். அது ஏன் தங்குகிறது என்பது தனியாக எழுத வேண்டிய பெரிய பொருள். எடையால் அளந்தால், பூமியில் விலங்குகள் மேற்கொள்ளும் இடப்பெயர்ச்சிகளில் இதுவே மிகப் பெரியது. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை நிகழாமல் நாளுக்கு இருமுறை நிகழ்கிறது.

இதில் பங்கெடுக்கும் விலங்குகளில் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவது கோபிபாட் என்னும் சிறு ஓட்டுடலிகள். வடக்கு அட்லாண்டிக்கின் கலானஸ் ஃபின்மார்கிகஸ் இனத்தை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த விலங்கின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கண்ணாடித் தட்டில் கடல்நீரோடு விட்டு, குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், சோற்றுப் பருக்கையின் வடிவில் ஒளி ஊடுருவும் உடலும், அதன் இருபுறமும் உடலின் நீளத்துக்கே விரிந்து நிற்கும் இரண்டு உணர்கொம்புகளும் முதலில் தெரியும். உடலின் நடுவே நீளவாக்கில் மின்னும் குழாய் போன்ற பை எண்ணெயால் நிறைந்தது. குளிர்காலத்தை ஆழத்தில் உறக்கநிலையில் கழிப்பதற்கான சேமிப்பு அது. தட்டை மேசைமீது மெல்லத் தட்டினால் போதும்: உணர்கொம்பின் நுண்மயிர்கள் நீரின் அசைவை வாங்கிய சில மில்லிநொடிகளுக்குள் அது பாய்ந்து நுண்ணோக்கியின் பார்வை வட்டத்தை விட்டே போய்விடும். அந்தப் பாய்ச்சலின்போது ஒரு நொடிக்கு அதன் உடல் நீளத்தைப் போல் சில நூறு மடங்கு என்ற வேகத்தை அது எட்டுகிறது. இத்தகைய விலங்கு 300 மீட்டர் ஏறுகிறது என்றால், தன் உடல் நீளத்தைப் போல் ஒரு லட்சம் மடங்கு தொலைவைக் கடக்கிறது. மனித உயரத்தில் கணக்கிட்டால், அந்தியில் புறப்பட்டு 170 கிலோமீட்டர் போய், உண்டு, விடிவதற்குள் அத்தனை தூரமும் திரும்புவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு உழைப்பு எதற்காக? உணவு மேலே இருக்கிறது. ஒளி ஊடுருவும் மேல்நீரில்தான் தாவர மிதவை உயிரிகள் வளர்கின்றன. அங்கேயே தங்கிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் வேகமாக வளரவும் செய்யலாம். ஆனால் வெளிச்சம் இருக்கும் இடத்தில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களும் இருக்கின்றன. இருட்டில் மேலே வந்து உண்பது, வெளிச்சத்தில் கீழே ஒளிவது என்ற ஏற்பாடு அதனால் வந்தது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இதற்கு எனக்கு மிகப் பிடித்த ஆதாரம் கடலிலிருந்து வந்ததன்று. போலந்தின் தாத்ரா மலைகளில் உள்ள ஏரிகளில் சிலவற்றில் மீன்களே இல்லை; சிலவற்றில் வெவ்வேறு காலங்களில் மீன்கள் விடப்பட்டன; சிலவற்றில் தொன்றுதொட்டு மீன்கள் வாழ்கின்றன. மாச்சேய் கிளிவிச் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஏரியில் மீன்கள் எவ்வளவு நீண்ட காலமாக வாழ்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்குள்ள கோபிபாட்களின் அன்றாட ஏற்ற இறக்கமும் வலுவாக இருப்பதைக் காட்டினார். மீன் இல்லாத ஏரியில் அவை பகலிலும் மேலேயே இருந்தன. இதன் மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் டாபாப் விரிகுடாவில், மீனுக்குப் பதிலாக, இரவில் மேலேறும் ஊன் உண்ணும் மிதவை உயிரிகளே முதன்மை எதிரியாக இருக்கும் சூழலில், ஒரு சிறு கோபிபாட் இனம் பகலில் மேலே வந்து இரவில் கீழே போவதை 1983-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. எதிரியின் நேரம் மாறினால் இரையின் நேரமும் மாறுகிறது.

ஒளிக்கு இவை எவ்வளவு நுட்பமாக இணங்கிப்போகின்றன என்பதற்கு வடதுருவக் குளிர்காலம் சாட்சி. மாதக்கணக்கில் சூரியனே எழாத அந்த இருளில் இடப்பெயர்ச்சி நின்றுவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருக்கக் கூடும். கடலடியில் நங்கூரமிட்டு வைத்த ஒலிக்கருவிகளின் பல ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வு, அங்கே விலங்குகள் சூரியனை விட்டு நிலாவின் கணக்குக்கு மாறிவிடுவதைக் கண்டறிந்தது. 24 மணி நேரச் சுழற்சி 24.8 மணி நேரமாக, அதாவது ஒரு நிலாநாளாக நீள்கிறது. முழுநிலா வரும் நாட்களில் அவை மேற்பரப்பை விட்டு 50 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகின்றன. இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, இதே துருவ இரவில் ஆய்வு செய்தவர்கள், கப்பலின் வழக்கமான விளக்கு வெளிச்சமே 200 மீட்டர் ஆழம் வரை மீன்களையும் மிதவை உயிரிகளையும் நடத்தை மாறச் செய்கிறது என்று அறிவித்தார்கள். எத்தனையோ ஆண்டுகளாக விளக்குகளை எரியவிட்ட கப்பல்களின் மேல்தளத்திலிருந்து இரவு மாதிரிகளை எடுத்துவந்த துறைக்கு இது லேசான செய்தியன்று. அளக்கப் போன கப்பலே அளக்கப்படும் பொருளைக் கலைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, பழைய எண்களை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வலையைப் பற்றிய கணக்கிலும் இதே போன்ற ஒரு திருத்தம் நடந்தது. அதன் விளைவு இன்னும் பெரியது. ஆழ்சிதறல் அடுக்கில் ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புபவற்றுள் முதன்மையானவை காற்றுப்பை உள்ள சிறு மீன்கள், குறிப்பாக விளக்குமீன்கள். விரல் நீளமே உள்ள இவற்றின் வயிற்றுப் பக்கத்தில் வரிசையாக ஒளியுறுப்புகள் அமைந்திருக்கும். வலையில் கிடைத்தவற்றை வைத்துக் கணக்கிட்டு, 200 முதல் 1,000 மீட்டர் வரையான அரையிருள் மண்டலத்தில் வாழும் மீன்களின் மொத்த எடை சுமார் 100 கோடி டன் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஸ்பெயின் நாட்டின் 2010-11 மலாஸ்பீனா பயணத்தில் தொடர்ச்சியாகப் பதிவான எதிரொலிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, உண்மையான அளவு அதைப்போல் பத்து மடங்காக, ஏறத்தாழ 1,000 கோடி டன்னாக இருக்கலாம் என்றது. காரணம் எளியது: இந்த மீன்கள் நெருங்கிவரும் வலையை உணர்ந்து விலகிவிடுகின்றன. வலை காட்டியது, விலகத் தவறிய மீன்களின் எண்ணிக்கையை மட்டுமே.

அப்படியானால் ஒலியையே நம்பிவிடலாமே என்றால், அதற்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. ஒலி எதிரொலிப்பது பெரும்பாலும் காற்றைக் கண்டு. காற்றுப்பை உள்ள சிறு மீன் ஒன்று, அது இல்லாத பெரிய மீனைவிட உரக்க எதிரொலிக்கும். சைஃபனோஃபோர் என்னும் சொறிமீன் உறவினங்களில் பலவற்றின் உச்சியில் சிறு வாயுக் குமிழி ஒன்று உண்டு; ட்ரியஸ்ட் ஆழ்கலத்தில் இறங்கிய எரிக் பார்ஹாம், சிதறல் அடுக்கு இருக்கும் ஆழத்தில் அவற்றைத் திரளாகக் கண்டு 1963-இல் எழுதினார். ஒரே வலுவான எதிரொலியை ஆயிரம் மீன்களும் தரலாம், சில சைஃபனோஃபோர்களும் தரலாம் என்றால், 1,000 கோடி டன் என்ற எண்ணையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

கூழ்போன்ற உடலுடையவற்றின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. வலை இவற்றைச் சிதைத்துவிடும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வலையின் அடிக்குடுவையில் அடையாளமற்ற கூழாகவே இவை வந்து சேர்ந்தன, பெரும்பாலும் கொட்டியும் விடப்பட்டன. முக்குளிப்பவர்கள் 1970-களில் திறந்த கடலில் நேரடியாக இறங்கிப் பார்த்த பிறகும், அதன்பின் கேமரா பொருத்திய தொலைஇயக்கக் கலங்கள் வந்த பிறகும்தான் இவற்றின் உண்மையான உருவம் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவில் வாழும் மாபெரும் லார்வேசியன் என்ற விலங்கு ஒரு விரல் நீளமே இருக்கும். ஆனால் தன்னைச் சுற்றி ஒரு மீட்டர் அகலம் வரை சளியால் வடிகட்டி வீடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. வீடு அடைத்துக்கொண்டதும் அதைக் கைவிட்டுப் புதியதைக் கட்டும். கைவிடப்பட்ட வீடு, அதில் ஒட்டிய துகள்களோடு கடலடிக்கு விரைந்து இறங்குகிறது. துகள் விழுவதை அளக்கும் பொறிக் குடுவைகளில் இவை முழுதாக அகப்படுவதில்லை என்பதால், இவை எடுத்துச் செல்லும் கார்பன் கணக்கில் வராமலே இருந்துவந்தது. புரூஸ் ராபிசனும் அவருடைய சகாக்களும் 2005-இல் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

வலைக்கண்ணில் நழுவியவற்றுள் தலையாயது புரோக்ளோரோகாக்கஸ் என்ற நுண்ணுயிர்தான். அதன் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரான். மிதவை உயிரிகளுக்கான வழக்கமான வலையின் கண் 200 மைக்ரானை ஒட்டியது என்பதை நினைவில் கொண்டால், அது எவ்வளவு தாராளமாக வெளியேறியிருக்கும் என்பது விளங்கும். சாலி சிஷோமும் ராபர்ட் ஆல்சனும் 1980-களின் நடுவில், மருத்துவ ஆய்வகங்களில் இரத்த அணுக்களை எண்ணப் பயன்பட்ட ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கடல்நீரைச் செலுத்திப் பார்த்தார்கள். திரையின் ஓரத்தில், மின் இரைச்சல் என்று தள்ளிவிடக் கூடிய இடத்தில், மங்கிய சிவப்பொளிச் சமிக்ஞை ஒன்று தெரிந்தது. அந்த இரைச்சல் ஆழத்துக்கேற்ப ஒழுங்காக மாறியது. இரைச்சலுக்கு அப்படி மாறத் தெரியாது. 1988-இல் அது வெளியானபோது, பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களிலேயே மிகச் சிறியதும் எண்ணிக்கையில் மிகுந்ததுமான ஒன்று, மனிதர் நிலவில் கால்வைத்த பிறகும் அறியப்படாமல் இருந்தது என்பது தெரிந்தது. வெப்பக் கடல்களின் ஒரு மில்லிலிட்டர் நீரில் இது ஒரு லட்சம் வரை இருக்கும்.

இவை அனைத்தும் கார்பன் கணக்கில் வந்து சேர்கின்றன. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைக் கடலின் தாவர மிதவை உயிரிகள் செய்கின்றன. அவற்றின் மொத்த எடையோ பூமியின் தாவரங்களுடைய எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உற்பத்தியாவதும் உண்ணப்படுவதும் அவ்வளவு வேகம். மேல்நீரில் நிலைநிறுத்தப்பட்ட கார்பனின் ஒரு பகுதி, இறந்த உடல்களாகவும் எச்சமாகவும் ‘கடற்பனி’ என்று அழைக்கப்படும் துகள் மழையாகவும் ஆழத்துக்கு விழுகிறது. இன்னொரு பகுதி, இரவில் மேலே உண்டு பகலில் கீழே சுவாசித்து எச்சமிடும் விலங்குகளின் வயிற்றிலேயே இறங்குகிறது. இப்படி எல்லா வழிகளிலுமாக ஆண்டுதோறும் இறங்கும் கார்பன் 500 கோடி டன்னா, 1,200 கோடி டன்னா என்பதில் மதிப்பீடுகள் இன்னமும் வேறுபடுகின்றன. இவ்வளவு அகன்ற இடைவெளிக்குக் காரணம் ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு குருட்டுப்புள்ளியும், மீன்களின் விலகல், கூழுடலிகளின் சிதைவு, லார்வேசியன் வீடுகள் எல்லாமுமாக, இந்தக் கூட்டலின் ஏதோ ஒரு வரியில் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, குறையுள்ள கருவிகளை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் நினைக்க வேண்டாம். கடல் உயிரியலில் நான் மிக உயர்வாக மதிக்கும் கருவி, குறைகள் நிறைந்தது. அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த தொடர் மிதவை உயிரிப் பதிவி 1931 முதல், உலகப் போர் இடைவெளி நீங்கலாக, வணிகக் கப்பல்களின் பின்னால் இழுத்துச் செல்லப்படுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகப் பெட்டி. முன்னால் அரை அங்குலச் சதுரத் துளை. உள்ளே, நீரோட்டத்தால் சுழலும் விசிறி ஒன்று மெல்ல மெல்ல நகர்த்திச் செல்லும் பட்டுத்துணிச் சுருள். துளை வழியே நுழையும் உயிரிகள் பட்டில் படிய, இன்னொரு பட்டு அவற்றின் மேல் வந்து மூடி, இரண்டும் சேர்ந்து ஃபார்மலின் தொட்டிக்குள் சுருண்டுகொள்ளும். பத்துக் கடல்மைல் பயணம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் பட்டாகிறது. அந்தத் துண்டை விரித்து வைத்து, பட்டின் பச்சை நிறம் எந்த அளவு என்று ஒப்பிட்டுக் குறித்து, பிறகு உயிரிகளை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். பட்டின் கண் 270 மைக்ரான், சிறியவை போய்விடும். ஆழம் பத்து மீட்டருக்குள்தான். பகலில் கீழே இருப்பவை வராது. சொறிமீன்கள் நசுங்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே குறைகளோடு அதே முறையில் அளப்பதால், ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு நேர்மையாக ஒப்பிட முடிகிறது. மாறாத குறையைக் கணக்கில் கழித்துவிடலாம். மேம்படுத்துகிறோம் என்று நடுவில் கருவியை மாற்றினால், மாறியது கடலா கருவியா என்பதே தெரியாது.

அந்தப் பட்டுத் துண்டுகள் சொன்ன செய்தியின் கனத்தைப் பாருங்கள். கலானஸ் ஃபின்மார்கிகஸ், கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் என்ற இரண்டு கோபிபாட்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாவது இணை நீந்துகாலின் அடிக்கணுவில், உள்விளிம்பின் பல்வரிசை நேராக ஓடுகிறதா வளைந்து ஓடுகிறதா என்பதைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அதற்கு ஊசிமுனையால் விலங்கைப் புரட்டி, காலை விலக்கி, நுண்ணோக்கியில் குவியத்தைச் சரிசெய்து பார்க்க வேண்டும். கண் வலிக்கும் வேலை. ஆயிரக்கணக்கான முறை அப்படிப் பார்த்தவர்களால்தான், குளிர்நீர் இனமான முதலாவது வடகடலில் குறைந்து, வெப்பநீர் இனமான இரண்டாவது அதன் இடத்தைப் பிடித்தது தெரியவந்தது. முதலாவது வசந்தத்தில் பெருகும். இரண்டாவது இலையுதிர் காலத்தில் பெருகும். காட் மீனின் குஞ்சுகளுக்கு உணவு தேவைப்படுவது வசந்தத்திலும் கோடையிலும். மீன்பிடிப்பு அழுத்தத்தோடு இந்தக் கால மாற்றமும் சேர்ந்தே வடகடலின் காட் குஞ்சுகளைப் பாதித்தது என்று கிரெகரி போக்ராண்டும் பிறரும் 2003-இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவர்களது ஆய்வு, வடகிழக்கு அட்லாண்டிக்கில் வெப்பநீர்க் கோபிபாட்களின் கூட்டங்கள் நாற்பது ஆண்டுகளில் பத்து அட்சரேகை அளவுக்கு வடக்கே நகர்ந்ததைப் பதிவு செய்தது. 2004-இல் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் சேமிப்பிலிருந்த பழைய பட்டுகளை மீண்டும் எடுத்து, 1960-களிலிருந்து நுண் நெகிழி இழைகள் கூடிக்கொண்டே வந்ததைக் கண்டார்கள். அந்த நோக்கத்துக்காக எவரும் அந்தப் பட்டைச் சேமித்து வைக்கவில்லை. நீண்டகாலக் கண்காணிப்புகளுக்கு நிதி கேட்கும்போது “இதனால் என்ன புதிய கண்டுபிடிப்பு வரும்” என்ற கேள்வி எழும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தப் பட்டுச் சுருள்களே நினைவுக்கு வருகின்றன; அங்கே உட்கார்ந்து கால் கணுக்களைப் பார்த்தவர்களின் உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று வருந்தவும் செய்கிறேன்.

புதிய கருவிகள் பல வந்துவிட்டன. கடல்நீரில் மிதக்கும் மரபணுத் துண்டுகளைப் படித்து அங்கு இருந்த இனங்களைப் பட்டியலிட முடிகிறது. ஆனால் அந்த விலங்கு எத்தனை, என்ன வயது, உயிரோடு இருந்ததா என்பதை அது சொல்லாது. காலிப்ஸோ செயற்கைக்கோளின் லேசர் ஒளித்துடிப்புகளைக் கொண்டு, இரவில் மேலேறி வரும் விலங்குகளின் பரவலை உலக அளவில் வரைந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஆனால் லேசர் காண்பது மேல்நீரின் சில பத்து மீட்டர்களை மட்டுமே. பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்துவந்து தகவல் அனுப்பும் ஆர்கோ மிதவைகளில் ஒரு பகுதி, இப்போது ஆக்சிஜனையும் பச்சையத்தையும் நைட்ரேட்டையும்கூட அளக்கிறது. இவற்றுள் எதுவும் வலைக்கு மாற்றாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே இடத்தில், ஒரே இரவில், வலையும் ஒலியும் கேமராவும் மரபணுக் குடுவையும் ஒன்றாக இறங்கும் பயணங்களிலிருந்துதான் நம்பத்தக்க எண்கள் வரும் என்பது என் கருத்து.

அந்த எண்கள் அவசரமாகத் தேவைப்படுகின்றன. உலகக் கடல்களிலிருந்து ஆண்டுதோறும் பிடிக்கப்படும் மீன் சுமார் 8 கோடி டன். அரையிருள் மண்டலத்தில் 1,000 கோடி டன் மீன் இருக்கிறது என்ற செய்தி வந்த உடனே, அவற்றை மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாற்றும் திட்டங்களும் பேசப்பட்டன. அமெரிக்க மேற்குக் கரையில், போதிய அறிவியல் தரவு வரும்வரை விளக்குமீன்கள் உள்ளிட்ட இரைமீன் இனங்களுக்கெனப் புதிய மீன்பிடிப்பைத் தொடங்கக் கூடாது என்று 2016-இல் விதி வகுத்தார்கள். அதையே நான் சரியான வரிசை என்று கருதுகிறேன். இருப்பு 100 கோடி டன்னா 1,000 கோடி டன்னா என்பது தெரியாத நிலையில் எந்தப் பிடிப்பளவையும் பாதுகாப்பானது என்று அறிவிக்க முடியாது. பத்தில் ஒரு பங்கே உண்மையென்றால், பெரிய எண்ணை நம்பி வகுத்த ஒதுக்கீடு சில ஆண்டுகளிலேயே அந்த மீன்களையும், அவற்றை உண்டு வாழும் சூரைகளையும் ஓங்கில்களையும், கார்பன் இறங்கும் ஒரு வழியையும் சேர்த்தே பாதிக்கும். முதலில் செய்ய வேண்டியது, காற்றுப்பை உள்ள மீன் எத்தனை, இல்லாதது எத்தனை, சைஃபனோஃபோர் எத்தனை என்று ஒவ்வொரு கடற்பகுதியிலும் அந்த எதிரொலியைப் பிரித்துக் காட்டுவது. அதற்கு ஒலிமானியையே கேமராவோடு அந்த அடுக்குக்குள் இறக்கி, விலங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கண்டு அவை விலகாதிருக்க, பல இனங்களின் கண்ணுக்குப் புலப்படாத செந்நிற விளக்கைப் பொருத்தி இறக்குகிறார்கள்.